எங்கள் வழக்கும் பிறர் வரலாறும்

வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளில் படிப்பிக்கிறவர்களுக்கு இது தெரியும்: மொழிக்கே நேரம் போதாது, வரலாற்றுக்கு எங்கே போவது? கிடைக்கிற இருபது நிமிடங்களில் இராசேந்திர சோழன் 1025இல் கடல் கடந்து கடாரத்தைத் தாக்கியதைச் சொல்கிறோம். அடுத்த பாடம் பெரும்பாலும் 1956, தனிச்சிங்களச் சட்டம். அதன்பின் 1958, 1981, 1983, 2009. நடுவில் தொள்ளாயிரம் ஆண்டுகள் காணாமற் போய்விடுகின்றன. பிள்ளைகள் கெட்டிக்காரர். சொல்லப்பட்டதை வைத்து அவர்கள் ஒரு முடிவுக்கு வருகிறார்கள்: ஒருகாலத்தில் நாங்கள் வென்றோம், பிறகு எங்களுக்கு அநியாயம் நடந்தது.

இரண்டுமே நடந்தவை. பொய் எதுவும் சொல்லப்படவில்லை. ஆனால் “ஏன் வரலாறு படிக்கவேண்டும்?” என்று பதினான்கு வயதுப் பிள்ளை ஒன்று நேராகக் கேட்டால், இந்தப் பாடத்திட்டம் என்ன பதிலைக் கொடுக்கும்? இரண்டு பதில்கள்தான் கையில் இருக்கின்றன. ஒன்று, எங்கள் பெருமையை அறிவதற்கு. மற்றது, நடந்த கொடுமை மீண்டும் நடக்காமல் பார்த்துக்கொள்வதற்கு. இரண்டும் எனக்குப் போதவில்லை. ஏன் போதவில்லை என்பதையும், வேறொரு பதில் உண்டு என்று நான் நினைப்பதையும் இங்கே எழுதுகிறேன்.

பெருமையை முதலில் எடுத்துக்கொள்வோம். இராசேந்திரனின் கப்பற்படை கடாரம் போவதற்கு முன்னரே சோழர் படை இலங்கைக்கு வந்துவிட்டது. இராசராசன் காலத்தில் 993 அளவில் அநுராதபுரம் வீழ்ந்தது. சோழர் தமது ஆட்சியைப் பொலன்னறுவையில் அமைத்தார்கள். 1017இல் அரசன் ஐந்தாம் மகிந்தன் பிடிபட்டான். சோழநாட்டுக்குக் கொண்டுபோகப்பட்டு 1029இல் சிறையிருப்பிலேயே இறந்தான். சோழப் படைகள் விகாரைகளைச் சூறையாடியதாகச் சூளவம்சம் சொல்கிறது. எங்கள் பிள்ளைக்கு வீரமாகச் சொல்லப்படும் அதே நிகழ்வு, கண்டியில் படிக்கும் ஒரு பிள்ளைக்கு அழிவாகச் சொல்லப்படுகிறது. அந்தப் பிள்ளைக்குத் துட்டகைமுனு வீரன். எங்கள் பிள்ளைக்கு அவன் எல்லாளனைக் கொன்றவன். பெருமைக்காகத்தான் வரலாறு என்றால் இரண்டு பிள்ளைகளும் தங்கள் தங்கள் இடத்தில் சரி. அதற்குப் பிறகு அவர்கள் இருவரும் பேசிக்கொள்வதற்கு ஒன்றுமில்லை. பெருமை என்ற காரணம் யார் கையில் கொடுத்தாலும் வேலை செய்யும். அதனாலேயே அது உண்மையைத் தேட உதவாது.

மற்றப் பதில் மேலானது. நடந்ததை அறிந்தால் அது திரும்ப நடக்காது என்பதை நாங்கள் எல்லோரும் மேடைகளில் சொல்லியிருக்கிறோம், கேட்டிருக்கிறோம். நான் எண்பதுகளின் நடுவிலிருந்து ஜேர்மனியில் வாழ்கிறேன். தன்னுடைய குற்றத்தைப் பள்ளிக்கூடத்தில் பாடமாக வைத்திருக்கும் நாடு இது. இங்குள்ள நகரங்களில் நடைபாதைகளில் பத்துச் சென்ரிமீற்றர் அகலமான பித்தளைத் தகடு பதித்த சிறு கற்களைக் காணலாம். குந்தர் டெம்னிக் என்ற கலைஞர் தொண்ணூறுகளில் தொடங்கிய வேலை அது. “இங்கே வாழ்ந்தார்” என்று தொடங்கி, அந்த வீட்டிலிருந்து பிடித்துச் செல்லப்பட்டவரின் பெயர், பிறந்த ஆண்டு, கொல்லப்பட்ட இடம் ஆகியவை பொறிக்கப்பட்டிருக்கும். 2023 மே மாதத்தில் நூறாயிரமாவது கல் நூர்ன்பேர்க் நகரில் பதிக்கப்பட்டது.

இவ்வளவு படித்த நாட்டில்தான் 1992 ஓகஸ்டில் றொஸ்ரொக் நகரின் லிக்ரன்ஹாகன் பகுதியில், வியட்நாமியத் தொழிலாளர் குடியிருந்த கட்டடத்துக்குத் தீ வைத்தார்கள். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். அந்த நாட்களில் அகதி விடுதிகளில் இருந்த எங்கள் ஆட்கள் முறை வைத்து இரவில் விழித்திருந்தார்கள். 2020 பெப்ரவரி 19ஆம் திகதி ஹனாவ் நகரில் ஒருவன் வெளிநாட்டுப் பின்னணி கொண்ட ஒன்பது பேரைச் சுட்டுக் கொன்றான். பிராங்பேர்ட்டில் இருக்கும் எனக்கு ஹனாவ் அரைமணி நேரப் பயணம்.

ஆகவே “படித்தால் நடக்காது” என்ற பதிலை என்னால் ஒரு பிள்ளைக்கு உறுதியாகச் சொல்ல முடியாது. வரலாறு தடுப்பூசி இல்லை. படித்தவர்களும் செய்கிறார்கள், படித்தவர்களின் பிள்ளைகளும் செய்கிறார்கள். ஏதாவது ஒரு நாட்டில் ஏதாவது ஒரு காலத்தில் வரலாற்றுப் படிப்பு ஒரு படுகொலையைத் தடுத்திருக்கலாம். ஆனால் நடக்காமற் போன ஒன்றை எண்ணிக் காட்ட வழியில்லை.

நான் சொல்ல விரும்பும் பதில் வேறொரு இடத்திலிருந்து வந்தது. தொண்ணூறுகளில் சில ஆண்டுகள் அகதி விசாரணைகளில் மொழிபெயர்ப்பாளராக வேலை செய்தேன். ஒரு சிறிய அறை, ஒரு மேசை, ஒரு அதிகாரி, தட்டச்சு செய்ய ஒருவர், எதிரே எங்கள் ஊர் ஆள் ஒருவர். கேள்விகள் எப்போதும் ஒரே மாதிரியானவை. எந்தத் திகதி? எத்தனை மணி? எத்தனை பேர் வந்தார்கள்? சீருடை என்ன நிறம்? முதல் விசாரணையில் மூன்று பேர் என்று சொன்னீர்கள், இப்போது நான்கு என்கிறீர்கள், எது சரி?

ஒரு முதிய அம்மா சொன்னது இப்போதும் காதில் இருக்கிறது. அவருடைய மகனைப் பிடித்துக்கொண்டு போன நாளைக் கேட்டார்கள். “தம்பி, அண்டைக்கு ஆடி அமாவாசை. அப்பருக்கு விரதம் முடிச்சு, காகத்துக்குச் சோறு வைச்சிட்டு வரேக்கை வந்தவங்கள்” என்றார். நான் அதை அப்படியே ஜேர்மன் மொழியில் சொன்னேன். அதிகாரி எழுதவில்லை. “திகதி?” என்று மறுபடியும் கேட்டார். அந்த அம்மா என்னைப் பார்த்து, நான் சரியாகச் சொல்லவில்லையோ என்ற யோசனையில், “ஆடி அமாவாசை, தம்பி” என்று இன்னும் தெளிவாக, இன்னும் மெதுவாகச் சொன்னார்.

ஒரு பஞ்சாங்கத்தைப் புரட்டினால் அந்தத் திகதி கிடைத்திருக்கும். அவர் நாளைத் துல்லியமாகவே சொல்லியிருந்தார். எங்கள் ஊர்ப் பஞ்சாங்கத்தில் அப்படி ஒரு நாள் ஆண்டுக்கு ஒன்றுதான். ஆனால் அதை அறிவதற்குக் கேட்பவர் எங்களைப் பற்றி ஏதோ கொஞ்சம் படித்திருக்கவேண்டும். அந்தக் காலத்தில் எங்கள் ஆட்களுக்கு வந்த நிராகரிப்புக் கடிதங்களை ஏராளமாக மொழிபெயர்த்துக் கொடுத்திருக்கிறேன். அநேகமானவற்றில் ஒரே வசனம் இருக்கும்: விண்ணப்பதாரரின் கூற்று நம்பத்தகுந்ததாக இல்லை. பலருடைய கதை நம்பப்படாமற் போனதற்கு அந்தக் கதை காரணமில்லை. கேட்டவர்களிடம் அந்தக் கதையை வைப்பதற்கு ஓர் இடம் இருக்கவில்லை. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைக் கேள்விப்படாத ஒருவருக்கு, வெலிக்கடைச் சிறையில் 1983 யூலையில் 53 பேர் கொல்லப்பட்டதை அறியாத ஒருவருக்கு, ஒரு தனி மனிதர் சொல்வது எப்படி விளங்கும்?

அங்கேதான் எனக்கு ஒன்று தெளிவானது. நாங்கள் நாற்பது ஆண்டுகளாக உலகத்திடம் கேட்டுக்கொண்டிருப்பது ஒன்றே ஒன்று: எங்கள் வரலாற்றைப் படியுங்கள். அகதி விசாரணை அறையிலும் அதைத்தான் கேட்டோம். ஜெனீவாவில் மனித உரிமைப் பேரவைக் கட்டடத்துக்கு முன் குளிரில் நின்றபோதும் அதைத்தான் கேட்டோம். எங்களோடு இரத்த உறவோ மொழி உறவோ இல்லாத, எங்கள் கதையால் எந்தப் பெருமையும் அடையாத, எங்களுக்கு நடந்தது தங்களுக்கு நடக்கும் என்ற பயமும் இல்லாத மனிதர்களிடம் கேட்டோம். அவர்கள் எந்தக் காரணத்துக்காக எங்கள் வரலாற்றைப் படிக்கவேண்டும்? பெருமை, தற்காப்பு இரண்டும் அவர்களுக்குப் பொருந்தாது. மிஞ்சுவது ஒரு காரணம்தான். ஒரு மனிதருக்கு என்ன நடந்தது என்று சரியாக அறிவது, அந்த மனிதருக்குச் செய்யவேண்டிய நியாயத்தின் பகுதி. அது எங்களுக்கு உரியது என்று நாங்கள் கேட்கிறோம். அப்படியானால் அது எங்களிடமிருந்து பிறருக்கும் உரியது. என் தரப்புக்கு மட்டும் வேண்டும் என்று கேட்டால் அதற்குப் பெயர் நியாயம் இல்லை, சலுகை.

நான் வாழும் நகரத்தின் வரலாற்றில் இதற்கு ஓர் உதாரணம் உண்டு. 1963 டிசெம்பர் 20ஆம் திகதி பிராங்பேர்ட்டில் அவுஷ்விட்ஸ் வழக்குத் தொடங்கியது. அதைச் சாத்தியமாக்கியவர் ஹெசன் மாநிலத்தின் தலைமை அரச வழக்கறிஞராக இருந்த பிரிட்ஸ் பவர். யூதர், 1933இல் நாசிகளால் சிறைவைக்கப்பட்டவர், டென்மார்க்கிலும் சுவீடனிலும் அகதியாக இருந்து 1949இல் திரும்பியவர். அந்தக் காலத்து மேற்கு ஜேர்மனியில் பெரும்பாலானோர் பழையதைக் கிளற விரும்பவில்லை. நாடு முன்னேறிக்கொண்டிருந்தது, அந்த முகாமில் வேலை செய்தவர்கள் மருந்துக்கடை வைத்திருந்தார்கள், வங்கியில் வேலை செய்தார்கள், நல்ல அயலவர்களாக இருந்தார்கள்.

1965 ஓகஸ்ட் வரை நடந்த அந்த வழக்கில் முந்நூற்றுக்கும் மேற்பட்ட சாட்சிகள் பேசினார்கள். சாட்சியங்கள் ஒலிநாடாவில் பதிவாகின. நீதிபதிகள் தங்கள் நினைவுக்கு உதவியாகச் செய்துகொண்ட ஏற்பாடு அது. 430 மணிநேரம் அளவிலான அந்தப் பதிவுகளை இன்று எவரும் இணையத்தில் கேட்கலாம். நான் கேட்டிருக்கிறேன். என் தொழில் காரணமாக முதலில் மொழிபெயர்ப்பாளரின் குரலைத்தான் கவனித்தேன். சாட்சி போலிஷ் மொழியில் சொல்வார், சிறிய இடைவெளி, பிறகு ஜேர்மன் மொழியில் அதே செய்தி வரும். எதிர்த்தரப்பு வழக்கறிஞர்கள் கேட்ட கேள்விகளும் எனக்குப் பழக்கமானவை. எந்த மாதம்? எத்தனை மணி? நீங்கள் நின்ற இடத்திலிருந்து அது தெரியுமா? உயிர் தப்பி வந்தவர்கள் இருபது ஆண்டுகளுக்குப் பிறகு, தங்களை அடித்தவர்களுக்கு முன்னால் நின்று இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொன்னார்கள்.

ஆனால் ஒரு வேறுபாடு இருந்தது. சாட்சிகள் சொன்னது சரியா என்று பார்ப்பதற்கு அந்த நீதிமன்றம் தானே புறப்பட்டுப் போனது. 1964 டிசெம்பரில், மேற்கு ஜேர்மனிக்கும் போலந்துக்கும் தூதரக உறவே இல்லாத காலத்தில், நீதிபதி ஒருவரும் வழக்கறிஞர்களும் அவுஷ்விட்ஸுக்குச் சென்றார்கள். இந்த இடத்திலிருந்து அந்தச் சுவர் தெரிகிறதா, இங்கே பேசினால் அங்கே கேட்கிறதா என்று அளந்து பார்த்தார்கள். ஆடி அமாவாசை என்று ஒருவர் சொன்னால் பஞ்சாங்கத்தைத் தேடிப் போவது போன்ற வேலை அது. ஆதாரம் கேட்பது சாட்சியை அவமதிப்பது என்று எங்களில் பலர் நினைக்கிறோம். அகதி விசாரணைகளில் நாங்கள் பட்ட பாடு அப்படி நினைக்க வைத்தது. ஒருவரை வெளியே தள்ளுவதற்காகவும் ஆதாரம் கேட்கலாம், அவர் சொன்னது எவராலும் மறுக்க முடியாதபடி நிலைக்கவேண்டும் என்பதற்காகவும் கேட்கலாம். வரலாறு படிப்பது இரண்டாவது வகை.

அந்த வகைப் படிப்பு தன் பக்கத்துப் பிழையையும் திருத்தவேண்டும். 1995 முதல் ஜேர்மன் இராணுவத்தின் போர்க்குற்றங்களைக் காட்டும் புகைப்படக் கண்காட்சி ஒன்று நகரம் நகரமாகச் சென்றது. குற்றம் செய்தவை ஹிட்லரின் சிறப்புப் படைகள் மட்டுமே, சாதாரணச் சிப்பாய்களின் கை சுத்தம் என்ற நம்பிக்கையை அது உடைத்தது. சுமார் 8 இலட்சம் பேர் பார்த்தார்கள். நான் 1997இல் பிராங்பேர்ட்டில் பார்த்தேன். தங்கள் தகப்பனைத் தேடுவது போலப் படங்களுக்கு மிக அருகில் குனிந்து பார்த்த வயதானவர்கள் இருந்தார்கள். 1999இல், சில படங்கள் தவறாக அடையாளப்படுத்தப்பட்டவை, அவற்றில் இருப்பவர்கள் சோவியத் இரகசியப் பொலிசால் கொல்லப்பட்டவர்கள் என்று ஒரு போலந்து வரலாற்றாசிரியர் காட்டினார். கண்காட்சி நிறுத்தப்பட்டது. வரலாற்றாசிரியர் குழு ஒன்று ஒவ்வொரு படமாக ஆராய்ந்தது. 1,400க்கும் மேற்பட்ட படங்களில் 20க்கும் குறைவானவையே அங்கே இருக்கக்கூடாதவை, கண்காட்சியின் அடிப்படைக் கூற்று சரியானது என்று 2000இல் அறிக்கை தந்தது. அடுத்த ஆண்டு புதிய வடிவில் கண்காட்சி மறுபடி திறந்தது.

அந்த இருபது படங்களை விட்டுவிட்டால் என்ன, மொத்தத்தில் உண்மைதானே என்று கேட்கலாம். எங்கள் நினைவு நிகழ்வுகளில் வேறெங்கோ நடந்த போரின் படம் ஒன்று எங்கள் படமாக வந்துவிடும்போது, சுட்டிக்காட்டுபவருக்குக் கிடைக்கும் பதிலும் அதுதான். அந்தப் படத்தில் இருப்பவர் யாரோ ஒருவருடைய பிள்ளை என்பதை நாங்கள் மறந்துவிடுகிறோம். அவருடைய மரணத்தை எடுத்து எங்கள் கணக்கில் எழுத எங்களுக்கு உரிமையில்லை.

ஜேர்மனியை நான் முன்மாதிரியாக நிறுத்தவில்லை. இன்றைய நமீபியாவில் 1904க்கும் 1908க்கும் இடையில் ஹெரேரோ, நாமா மக்களை ஜேர்மன் காலனியப் படை அழித்தது. அதை இனப்படுகொலை என்று ஜேர்மன் அரசு உத்தியோகபூர்வமாகச் சொல்ல 2021 வரை ஆனது. ஐரோப்பாவுக்குள் செய்ததைப் படிக்கக் கற்றுக்கொண்ட நாட்டுக்கு ஆபிரிக்காவில் செய்ததைப் படிக்க நூறாண்டுக்கும் மேல் எடுத்திருக்கிறது. எவர் குரல் அருகில் கேட்கிறதோ அவர் கதையே முதலில் படிக்கப்படுகிறது. தொலைவில் இருப்பவர்களாகிய எங்களுக்கு இதன் பொருள் நன்றாக விளங்கும்.

இனி எங்கள் பக்கத்துக்கு வருகிறேன். 1990 ஒக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். சாவகச்சேரியில், மன்னாரில், முல்லைத்தீவில், கிளிநொச்சியில் நடந்தது. ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண நகரில் நடந்தது. சோனகத் தெருவிலும் அதைச் சுற்றியும் பல தலைமுறையாக வாழ்ந்தவர்களை ஒலிபெருக்கியில் அழைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடவேண்டும் என்றார்கள். தையல்காரர், இரும்பு வியாபாரி, இறைச்சிக்கடைக்காரர், ஆசிரியர் என்று எல்லோரும் போனார்கள். வீட்டையும் கடையையும் நகையையும் விட்டுப் போனார்கள். வடக்கிலிருந்து அப்படிப் போனவர்கள் 70,000க்கும் மேல். பெரும்பாலானோர் புத்தளத்தில் ஓலைக் கொட்டில்களில் அகதிகளானார்கள். அவர்களும் தமிழ் பேசுகிறவர்கள். அங்கே பிறந்த பிள்ளைகளுக்கு இப்போது முப்பது வயது தாண்டிவிட்டது.

இதை எங்கள் வார இறுதிப் பள்ளிகளில் எத்தனை பிள்ளைகள் படித்திருப்பார்கள்? பெற்றோர் கூட்டம் ஒன்றில் இதைப் பாடத்தில் சேர்க்கலாமா என்று கேட்டபோது எனக்கு மூன்று மறுப்புகள் சொல்லப்பட்டன. மூன்றும் கோபத்தில் சொல்லப்பட்டவை. ஆனால் யோசிக்காமல் தள்ளிவிடக்கூடியவை இல்லை.

ஒருவர் சொன்னார்: “முள்ளிவாய்க்காலையும் இதையும் ஒரே தராசிலை வைக்கப்போறியளோ?” இல்லை. ஓர் அரசு தன் குடிமக்கள் மேல் குண்டு போட்டதும், ஓர் இயக்கம் அயலவர்களை விரட்டியதும் ஒன்றல்ல. ஆனால் இரண்டும் ஒன்றல்ல என்று எப்படித் தெரியும்? என்ன நடந்தது, யார் கட்டளையிட்டார்கள், எத்தனை பேர், எவ்வளவு காலம், பிறகு யார் என்ன சொன்னார்கள் என்று விபரமாகப் படித்தால்தான் தெரியும். படிக்காமல் விட்டால் இரண்டே வழிதான்: எல்லாம் ஒன்றுதான் என்று சொல்வது, அல்லது ஒன்று நடக்கவேயில்லை என்பதுபோல இருப்பது. 1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டதையும், அடுத்த மாதம் சத்துருக்கொண்டானில் தமிழ்க் கிராமத்தவர்கள் பிள்ளைகளோடு கொல்லப்பட்டதையும் அருகருகே வைத்துப் படித்தால், ஒன்றுக்கு ஒன்று சரி என்று யாருக்கும் தோன்றாது. கிழக்கில் அந்தக் கோடைகாலம் எப்படி இருந்தது என்பதே தோன்றும்.

இன்னொருவர் சொன்னார்: “இதைத்தானே அரசாங்கமும் சொல்லுது? நாங்களும் சொன்னால் அவைக்கு வாய்ப்பு.” இது பாரமான மறுப்பு. வடக்கு முஸ்லிம்களின் துயரத்தை, அவர்களுக்காக எதையும் செய்யாமலே, எங்கள் வாயை அடைக்கப் பயன்படுத்தியவர்கள் உண்டு. ஆனால் ஓர் உண்மையை நாங்கள் சொல்லாமல் விடும்போது அது மறைவதில்லை. அதைச் சொல்லும் உரிமை முழுவதும் மற்றவர் கைக்குப் போகிறது. 2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் நடந்த பத்திரிகையாளர் மாநாட்டில், இந்த வெளியேற்றத்துக்காகப் புலிகளின் தரப்பிலிருந்தே வருத்தம் சொல்லப்பட்டது. செய்தவர்களே வருந்திய ஒன்றை, செய்யாத பெற்றோர் தங்கள் பிள்ளைகளிடம் மறைக்கவேண்டிய தேவை என்ன? எந்த விசாரணை அறையிலும் ஒரு சாட்சி ஒரு விடயத்தை ஒளித்ததாகத் தெரிந்தால், அவர் சொன்ன மற்ற எல்லாமும் சந்தேகத்துக்கு உள்ளாகும். அதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

மூன்றாவது மறுப்பை ஒரு தாய் அமைதியாகச் சொன்னார். பிள்ளைகள் ஏற்கெனவே தமிழிலிருந்து விலகிப் போகிறார்கள். இதையும் சொன்னால் இன்னும் தூரப் போய்விடுவார்கள் என்றார். அவருடைய பயம் எனக்கு விளங்குகிறது. ஆனால் இந்தப் பிள்ளைகள் இங்குள்ள பள்ளிக்கூடங்களில் ஒன்பதாம் பத்தாம் வகுப்புகளில், ஒரு சமூகம் தன் குற்றத்தைப் பற்றி எப்படிப் பேசுவது என்பதையே பாடமாகப் படிக்கிறார்கள். சனிக்கிழமை வேறொரு வகுப்புக்கு வந்து, எங்கள் ஆட்கள் எவருக்கும் எதுவும் செய்யவில்லை என்று கேட்கிறார்கள். பிறகு ஒருநாள் கைத்தொலைபேசியில், எங்களை வெறுக்கிற எவரோ ஒருவருடைய காணொளியில், 1990ஐ முதல் தடவையாகக் கேள்விப்படுகிறார்கள். அவர்கள் தூரப் போவது அப்போதுதான்.

இவை எல்லாம் ஐரோப்பாவுக்கு வந்தபின் இரவல் வாங்கிய யோசனை என்று யாரும் நினைக்கவேண்டாம். யாழ்ப்பாணத்திலேயே, யுத்தம் நடந்துகொண்டிருந்தபோதே, இதைச் செய்தவர்கள் இருந்தார்கள். ராஜினி திராணகம யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் துறைத் தலைவராக இருந்தவர். இலங்கை இராணுவமும் இந்திய அமைதிப்படையும் இயக்கங்களும் செய்தவற்றை, பாதிக்கப்பட்டவர்களின் வீடுகளுக்குப் போய்க் கேட்டு, நண்பர்களோடு சேர்ந்து ‘முறிந்த பனை’யில் எழுதினார். 1989 செப்ரெம்பர் 21ஆம் திகதி பல்கலைக்கழகத்திலிருந்து சைக்கிளில் வீடு திரும்பும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு முப்பத்தைந்து வயது. இந்திய அமைதிப்படை செய்ததைச் சொன்னபோது அவரை நம்பலாம் என்பதற்கான காரணம், எங்கள் பக்கம் செய்ததையும் அவர் அதே நிதானத்தோடு எழுதியிருந்தார் என்பதுதான்.

எங்களிடம் படிக்கக் கிடப்பவை இன்னும் உண்டு. 1948இல் மலையகத் தமிழர் பல இலட்சம் பேர் குடியுரிமை இழந்ததும், அதைத் தொடர்ந்த சட்டத்துக்கு வடக்கின் தலைவர்களில் ஒரு பகுதியினர் ஆதரவாக நின்றதும், அதை எதிர்த்துப் பிரிந்தவர்கள் 1949இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கியதும் ஒரே பாடத்தின் பகுதிகள். 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவில் வாசலில் தாழ்த்தப்பட்ட மக்கள் உள்ளே போக முடியாமல் தடுக்கப்பட்டார்கள். தடுத்தவர்களும் தமிழர், நின்றவர்களும் தமிழர். இந்தப் பாடங்களைப் படிக்கும் பிள்ளை தமிழரை வெறுக்கப்போவதில்லை. மாவிட்டபுரத்து வாசலில் நின்றவர்களும் அந்தப் பிள்ளையின் முன்னோர்தான்.

பெரிய திட்டம் எதுவும் தேவையில்லை. ஐந்தாம் மகிந்தனின் கதையை ஒரு சனிக்கிழமை சோழர் கல்வெட்டுகள் சொல்வதையும் சூளவம்சம் சொல்வதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பிக்கலாம். இரண்டு சாட்சிகள் ஏன் வேறுவேறாகச் சொல்கிறார்கள் என்று பிள்ளைகளையே கேட்கலாம். ஒக்டோபர் மாதத்தில் ஒரு நாள், சோனகத் தெருவில் பிறந்து இப்போது புத்தளத்திலோ இலண்டனிலோ இருக்கும் ஒருவரைக் காணொளி வழியாகப் பேச அழைக்கலாம். அவர் பேசும்போது இடைமறிக்காமல் கேட்கலாம். யாழ்ப்பாணத்துத் தமிழிலேயே அவர் பேசுவார், மொழிபெயர்ப்பாளர் தேவைப்படாது.

எங்கள் வீட்டு அலுமாரிகளில் இன்னொரு வேலை காத்திருக்கிறது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வந்தவர்களிடம் அகதி விசாரணையின் தட்டச்சுப் பிரதிகள், நிராகரிப்புக் கடிதங்கள், ஊரிலிருந்து வந்த நீல நிற விமானக் கடிதங்கள் இருக்கின்றன. அவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்; வீடு மாறும்போதும் செத்தவீட்டுக்குப் பிறகும் இந்தக் காகிதங்கள் குப்பைக்குப் போகின்றன. நூலகம் எரிந்த ஊரைச் சேர்ந்தவர்கள் தங்கள் கையாலேயே இதைச் செய்கிறோம். 2005 முதல் இணையத்தில் இயங்கும் நூலகம் எண்ணிம நூலகம் போன்ற முயற்சிகள் இத்தகைய ஆவணங்களுக்காகவே இருக்கின்றன. பிரதி எடுத்துக் கொடுங்கள். உங்களுக்குச் சங்கடமான பக்கங்களையும் சேர்த்துக் கொடுங்கள். ஐம்பது ஆண்டுகள் கழித்து எங்களோடு எந்த உறவுமில்லாத ஒருவர் அவற்றை எடுத்து, ஒவ்வொரு திகதியாகச் சரிபார்த்து, இவர்களுக்கு என்ன நடந்தது என்று அறிய விரும்பலாம். அவருக்கு நாங்கள் செய்யக்கூடிய உதவி அது. அதே உதவியைப் புத்தளத்திலும் மலையகத்திலும் இருக்கிறவர்கள் எங்களிடம் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.